யாரும் சாகாத நாள்

நீர்வேலியில் மீன்காரர் செபமாலையின் மோட்டார் சைக்கிள் கோன் சத்தம் தெரியாத பூனை கிடையாது. ஆட்களுக்கும் தெரியும்தான், ஆனால் பூனைகள்தான் முதலில் வேலிப் படலைக்கு வரும். குருநகர் இறங்குதுறையில் விடியவே மீன் எடுத்து, றெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு அடுக்கி, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு அவர் வாழைத் தோட்டங்களுக்கு நடுவிலுள்ள ஒழுங்கைகளுக்குள் நுழையும்போது வெயில் ஏறியிருக்கும். கோனை மூன்று தரம் அமத்துவார். பிறகு “மீன்!” என்று ஒரே ஒரு சத்தம். அதற்கப்புறம் அந்த ஒழுங்கையில் யாரும் மணிக்கூடு பார்ப்பதில்லை.

ஆள் நல்லவர். விலையில் மட்டும் இரக்கம் கிடையாது. “கொஞ்சம் பாத்துப் போடன்” என்று யாராவது இழுத்தால், “நான் பாத்துத்தான் போடுறன், நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு காசைத் தாங்கோ” என்பார். வீட்டுக்கு எடுக்கும் மீனுக்கும் மனைவியிடம் விலை கேட்பார் என்று குருநகரில் ஒரு கதை உண்டு. அது சுத்தப் பொய். அதைப் பரப்பியவர் மனைவி மாகிறேற்தான்.

இப்படிப்பட்ட ஆளிடம் தர்மத்துக்குக் காசு கேட்டுப் போகிறவர்களின் கதி எப்படி இருக்கும்? பங்கு மண்டபத்துக்கு, பாலர் பள்ளிக்கு, மடுத் திருவிழாப் பயணத்துக்கு என்று நிதி சேர்க்க வருகிறவர்களைக் கதிரை போட்டு இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, “காசு கேக்காதையுங்கோ, மிச்சமெல்லாம் கேளுங்கோ” என்பார். வந்தவர்கள் சிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் மனிதர் அதைப் பகிடிக்குச் சொன்னதில்லை. இரத்ததான முகாம் எங்கே நடந்தாலும் முதல் கட்டிலில் செபமாலை கிடப்பார். கோயில் திருவிழாவோ, பள்ளிக்கூடத்தின் நூற்றாண்டோ, காலமாகிப்போன உதைபந்தாட்டக்காரனின் நினைவோ, அவருக்கு வித்தியாசமில்லை. போன தரம் கொடுத்து இன்னும் நாலு மாதம் ஆகவில்லை என்று தாதி திருப்பி அனுப்பினால், கொடுக்காத இரத்தத்துக்கும் பிஸ்கட்டைச் சாப்பிட்டுவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவார். கிழிந்த வலைகளைப் பொடியளின் கரப்பந்து மைதானத்துக்குக் கொடுத்தார். தக்காளித் தோட்டத்தில் குரங்கு ஏறாமல் கட்டவும் கொடுத்தார். வழியில் இருக்கும் வயது போனவர்களின் மருந்துத் துண்டுகளை வாங்கிக்கொண்டுபோய், மறுநாள் பட்டணத்திலிருந்து குளிசைகளோடு வருவார். அந்தக் குளிசைகளில் விளைமீன் வாசம் அடிக்கும் என்பது தவிர ஒரு குறையும் யாரும் சொன்னதில்லை.

நீர்வேலியில் இந்த மனிதரை எதிர்த்து நின்ற ஒரே ஆள் பூரணமக்கா. புருஷன் போனபிறகு தனியாக வாழைத்தோட்டம் செய்து மகனைப் படிப்பித்து சுவிஸுக்கு அனுப்பியவர். செபமாலையின் மீனை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. செவிளைத் திறந்து பார்ப்பார், வயிற்றை அமத்துவார், மணந்து பார்ப்பார், கடைசியில் வானத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார்.

“உது நேற்றையான் மீன்.”

“அக்கா, உது இன்னும் கண் சிமிட்டுது.”

“சிமிட்டேல்லை. உன்ரை விலையைக் கேட்டு அழுகுது.”

இந்தச் சண்டைக்காகவே செபமாலை அந்தப் படலையில் மட்டும் விலையை ஏற்றிச் சொல்வார். பூரணமக்கா அதை இழுத்து இழுத்து, மற்றவர்கள் வாங்கும் விலைக்குக் கொண்டுவந்து விடுவார். இருவரும் வென்ற முகத்தோடு பிரிவார்கள். தொண்ணூற்றைந்தில் போரால் ஊரே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போனபோது, சாவகச்சேரிச் சந்தையில் அத்தனை சனத்துக்குள்ளும் செபமாலையைக் கண்ட பூரணமக்கா, உயிரோடு இருக்கிறாயா என்று கேட்கவில்லை. “சூடை என்ன விலை?” என்றுதான் கேட்டார். செபமாலை அன்றைக்கும் ஏற்றித்தான் சொன்னார். அந்த ஒரு நிமிடம் இரண்டு பேருக்கும் ஊரில் நிற்பதுபோலவே இருந்தது.

அப்படிப்பட்ட பூரணமக்காவின் படலை போன கார்த்திகையில் பூட்டிக் கிடந்தது. செபமாலை கோனை மூன்று தரம் அமத்தினார், பிறகு இன்னும் மூன்று தரம் அமத்தினார். பக்கத்து வீட்டு உதயகலா எட்டிப் பார்த்துச் சொன்னாள்: “அண்ணை, அவ கிணத்தடியிலை வழுக்கி விழுந்து இடுப்பு நொந்துபோச்சு. மகன் கீர்த்திகன் வந்து உந்த முதியோர் இல்லத்திலை சேர்த்துப்போட்டுத் திரும்பிப் போயிட்டான்.”

அன்று மீன் விற்று முடிந்ததும் செபமாலை பெட்டியைக் கழுவி, முகத்தைக் கழுவி, அன்னை நிழல் முதியோர் இல்லத்துக்குப் போனார். பூரணமக்கா யன்னலோரக் கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஆள் பாதியாகிவிட்டார். பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் வடையும் பாயாசமும் தொடாமல் இருந்தன.

“ஏனக்கா சாப்பிடேல்லை?”

“இஞ்சை ஒவ்வொரு நாளும் செத்தவீடடா,” என்றார் பூரணமக்கா சுவரைப் பார்த்தபடி. “நேற்று யாரோ ஒரு கிழவன்ரை ஆண்டுத்திவசம். இண்டைக்கு யாரோ ஒரு கிழவியின்ரை ஆண்டு. வடை, பாயாசம். பாயாசம், வடை. முன்பின் தெரியாத ஆக்களின்ரை படத்தைக் கும்பிட்டுக் கும்பிட்டுத் தின்னுறதிலும் பாக்க, முருகன் என்னை எடுத்திட்டால் நானும் படமாப் போயிடுவன்.”

அவர் சொன்னதில் கூட்டிச் சொன்னது குறைவு. அந்த இல்லத்தில் எதற்கும் குறைவில்லை. குறைவில்லாததுதான் குறை. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் தாய் தகப்பன் இறந்த நாளில் இல்லத்துக்கு ஒரு மத்தியானச் சாப்பாடு கொடுப்பார்கள். நல்ல காரியம்தான், குறை சொல்ல ஏலாது. திதி பார்த்துச் செய்தால் அங்கே லீவு எடுப்பது கரைச்சல் என்று எல்லோரும் இங்கிலீசுத் தேதிக்கு மாறிவிட்டார்கள். அதனால் இல்லத்தை நடத்தும் சிவசுப்பிரமணியம் ஐயாவின் சுவர்க் கலண்டரில் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் காலமான ஒருவர் குடியிருந்தார். ஐயா ஓய்வு பெற்ற தபாலதிபர். கடிதம் விலாசம் தப்பலாம், திவசம் தேதி தப்பக்கூடாது என்று இருப்பவர். திவசம் என்றால் சைவம். மச்சம் என்று சொல்லப்படும் மீன் இறைச்சி அடுப்பின் பக்கமே வராது. இதற்கு மேலே, நீர்வேலி முழுக்க வாழைத்தோட்டம் என்றபடியால், ஊரில் தர்மம் செய்ய நினைக்கும் ஒவ்வொருவரும் ஒரு குலையோடு வருவார்கள். காலையில் கப்பல் பழம், பின்னேரம் இதரை, இரவு கதலி. கிழவர்கள் வாழைப்பழத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நிலைக்கு வந்திருந்தார்கள்.

வாசலில் ஐயாவைக் கண்டு செபமாலை விசாரித்தார். “டொக்டர் வந்து பாத்தவர்,” என்றார் ஐயா கவலையோடு. “வருத்தம் ஒண்டும் இல்லையாம். சாப்பாடு இறங்குதில்லை. இப்பிடியே விட்டால் மனிசி சித்திரை காணாது எண்டு சொல்லிப்போட்டார்.”

தன்னோடு சண்டை பிடிக்க இந்த உலகத்தில் இருக்கும் ஒரே ஆள் வடைக்கும் பாயாசத்துக்கும் நடுவில் செத்துப்போகப் போகிறார் என்பதைச் செபமாலையால் தாங்க முடியவில்லை.

மறுநாள் இறங்குதுறையில் நல்ல விளைமீனாகத் தெரிந்தெடுத்தார். வாழ்க்கையில் முதன்முறையாக விற்காத மீனோடு இல்லத்துக்குள் போய், “ஐயா, இது என்ரை தர்மம். இண்டைக்கு எல்லாருக்கும் சொதி வையுங்கோ” என்றார்.

ஐயா இரண்டு அடி பின்வாங்கினார். “செபமாலை, உம்முடைய மனம் பெரிசு. ஆனா இண்டைக்கு லண்டன் ஆக்களின்ரை தாயாரின்ரை ஆண்டு.”

“அப்ப நாளைக்கு?”

“நாளைக்கு நோர்வே.”

“நாளையிண்டைக்கு?”

“ஒரு வாத்தியார். மொன்றியல்.”

“ஐயா, இரவிலை?”

“அடுப்பு ஒண்டுதான் இருக்கு, செபமாலை. இரவு மச்சம் காய்ச்சின அடுப்பிலை விடிய எப்பிடித் திவசத்துக்கு உலை வைக்கிறது?”

“அப்ப யாருமே சாகாத நாள் ஒண்டு இல்லையோ உந்தக் கலண்டரிலை?”

ஐயா கலண்டரைப் பெருமையோடு பார்த்தார். “இல்லை. வருசம் முழுக்க நிரம்பிப்போச்சு.”

செபமாலை சூடானார். “எங்கடை ஆண்டவர் ஐயாயிரம் பேருக்கு அப்பமும் மீனும் குடுத்தவர், ஐயா. இண்டைக்கு யாற்றையும் ஆண்டோ எண்டு அங்கை ஒருத்தரும் கேக்கேல்லை. உங்கடை ஆக்களும் ஆள் செத்து எட்டாம் நாள், எட்டுச் செலவிலை மீனும் முட்டையும் சாராயமும் படைக்கிறியள்தானே?”

“அது செத்தவருக்கு.”

“அப்ப ஒரு துண்டு மீன் தின்ன பூரணமக்கா முதல் செத்துக் காட்டவேணுமோ?”

ஐயா கலண்டரில் அன்றைய கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். இல்லத்தின் சட்டம் அதுதான். மீன் திரும்பிப் போனது.

நேர்வழி சரிவரவில்லை என்றால் குருநகர் ஆட்கள் சும்மா இருப்பதில்லை. ஒரு கிழமை கழித்து செபமாலை ஒரு பெரிய கூடை நிறைய வாழைப்பழத்தோடு இல்லத்துக்கு வந்தார். அடியில் சாப்பாட்டுப் பெட்டி. பெட்டிக்குள் மாகிறேற் பொரித்துக் கொடுத்த விளைமீன். வாழைப்பழம் கொண்டுபோனால் நீர்வேலியில் யார் சந்தேகப்படப் போகிறார்கள் என்பது அவருடைய கணக்கு. கணக்கில் ஒரே ஒரு பிழை இருந்தது.

“குருநகரிலையிருந்து நீர்வேலிக்கு வாழைப்பழமோ?” என்று ஐயா புருவத்தை உயர்த்தினார். கடற்கரைக்கு மணல் கொண்டுபோகிறவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“நேர்த்திக்கடன்,” என்றார் செபமாலை. வேறு என்ன சொல்வது?

அதற்குமேல் விசாரிக்க ஐயாவுக்கு நேரம் இருக்கவில்லை. அன்றைக்கு ரொறன்ரோக் குடும்பம் ஒன்று தகப்பனுடைய ஆண்டுச் சாப்பாட்டை வீடியோவில் நேரே பார்த்துக்கொண்டிருந்தது. கிழவர்களெல்லாம் வரிசையாக இருக்க, நடுவில் மேசையில் மாலை போட்ட படம், குத்துவிளக்கு. ஐயா கைத்தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கோப்பையாகக் காட்டிக்கொண்டு போனார். செபமாலை கூடையைப் பூரணமக்காவின் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு நல்ல பிள்ளையாகக் கைகட்டி நின்றார்.

இல்லத்திலும் ஒரு பூனை இருந்ததை அவர் நினைக்கவில்லை. அதற்குச் செபமாலையை நன்றாகத் தெரியும். முந்தி அது பூரணமக்காவின் படலையில் நின்ற பூனை. எசமானியைத் தேடி இல்லத்துக்கு வந்து, மரக்கறி தின்று மெலிந்து போயிருந்தது. கூடை கவிழ்ந்தது, பெட்டி திறந்தது, பொரித்த விளைமீனொன்றைக் கவ்விக்கொண்டு பூனை நேரே மண்டபத்துக்கு வந்து, மேசையில் ஏறி, காலமானவரின் படத்துக்கு முன்னால் இருந்து சாப்பிடத் தொடங்கியது.

தொலைபேசிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. “அங்கிள், பூனையின்ரை வாயிலை என்ன அது?”

ஐயா தபால் கந்தோரில் முப்பது வருடம் பொய் சொல்லாமல் வேலை செய்தவர். அந்தப் பழக்கமின்மை அப்போது காட்டிக்கொடுத்தது. “அது… வாழைப்பூ வடை, பிள்ளை.”

“அங்கிள், வடைக்கு வால் இருக்கு.”

அன்றிலிருந்து செபமாலை அன்னை நிழலின் படலைக்குள் கால் வைக்கக்கூடாது என்று உத்தரவாயிற்று. பூரணமக்காவுக்குக் கிடைத்தது அந்த மீனின் வாசம் மட்டும்தான். நடந்ததைக் கண்டு அவர் ஒரு தரம் சிரித்தார் என்று இல்லத்தில் சமைக்கும் டிலக்ஷி பிறகு சொன்னாள். சிரித்துவிட்டு மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாராம்.

தை பிறந்தது. செபமாலைக்கு வியாபாரத்தில் மனம் போகவில்லை. மாகிறேற் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். ஒருநாள் சாப்பிடும்போது மனிதர், “ஒரு நாள்தான் கேக்கிறன் மாகிறேற், யாரும் சாகாத ஒரு நாள்” என்று புலம்ப, மாகிறேற் கோயில் கலண்டரைத் திரும்பிப் பார்த்தார். அவர் தேடியது தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனைத்தான்.

“மெய்யேப்பா,” என்றார், “இந்த முறை மாசியிலை ஒரு நாள் கூட இருக்கெல்லே?”

செபமாலை சோற்றுக் கையோடு எழும்பிப் போய்ப் பார்த்தார். பெப்ரவரியைத்தான் ஊரில் மாசி என்பார்கள். மாசி இருபத்தொன்பது. வெள்ளியுமில்லை, செவ்வாயுமில்லை. சைவக்காரருக்கு மச்சம் சாப்பிடத் தடையில்லாத வியாழக்கிழமை. தவக்காலம்தான், ஆனால் விலக்கு இறைச்சிக்கு, மீனுக்கு இல்லை. இரண்டு சமயத்துக்கும் நடுவில் கடவுளே பாதை வெட்டிவிட்டதுபோல் இருந்தது.

அன்று பின்னேரம் அவர் உத்தரவை மீறாமல் இல்லத்தின் படலைக்கு வெளியே நின்று கத்தினார். “ஐயா! மாசி இருபத்தொன்பதிலை யார் செத்தது?”

ஐயா கலண்டரிடம் போனார். அந்தக் கட்டம் வெள்ளையாக இருந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். “ஒருத்தரும் சாகேல்லை,” என்றார் அதிர்ச்சியோடு. பிறகு யோசித்து, “செத்திருப்பினம். நாலு வருசத்துக்கு ஒருக்கா ஆண்டு செய்தால் ஊர் சிரிக்கும் எண்டு எல்லாரும் இருபத்தெட்டிலை போட்டிட்டினம்.”

“அப்ப அது எனக்கு.”

வெற்றுக் கட்டத்தைக் கண்டு ஐயாவுக்குப் பயமாகவும் இருந்தது. அன்றைக்கு யார் உலை வைப்பது? அதைவிட, இல்லத்தில் இருப்பவர்கள் சம்மதிக்கவேண்டுமே. மண்டபத்தில் எல்லோரையும் கூட்டி, “மாசி இருபத்தொன்பது மத்தியானம் மச்சம் வேண்டும் எண்டவை கையை உயர்த்துங்கோ” என்றார். பக்கவாதத்தில் கை விழுந்திருந்த ஒருவர் மற்றக் கையை உயர்த்தினார். உருத்திராக்கம் போட்டு தேவாரம் பாடும் பெரியவர் உருத்திராக்கத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு உயர்த்தினார். ஐயா பெருமூச்சு விட்டு, “அண்டைக்கு எனக்குப் பட்டணத்திலை ஒரு அலுவல் இருக்கு” என்றார். அதுதான் அவருடைய கொடை. சிலர் கண்ணை மூடிக்கொள்வதும் ஒரு பெரிய கொடைதான்.

அந்த வியாழக்கிழமை விடிய, குருநகர் இறங்குதுறை காணாத காட்சியைக் கண்டது. ஐந்து ரூபாய் குறைக்காத செபமாலை வெறும் பெட்டியோடு ஒவ்வொரு வள்ளமாகப் போய், “காசு கேக்கேல்லை, ஒரு மீன் போடு” என்று கேட்டார். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு விஷயத்தைக் கேட்டதும் வள்ளங்கள் வைத்திருக்கும் மரியரட்ணம் சம்மாட்டி ஒரு விளையைத் தூக்கிப் போட்டார். அடுத்த வள்ளம் ஒரு ஒட்டி மீன். நெத்தலி மட்டும் வலையில் பட்ட ஒருவன் வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு கை நெத்தலி போட்டான். ஒன்றும் படாத பேதுரு, “என்னட்டை மீன் இல்லை, ஓட்டோ இருக்கு” என்று சொல்லி மாகிறேற்றையும் அவருடைய தங்கச்சியையும் மீன் வெட்டும் கத்திகளையும் புதுச் சட்டிகளையும் ஏற்றிக்கொண்டு நீர்வேலிக்கு வந்தான். வளவின் மூலையில் மூன்று கல்லு வைத்துத் தனி அடுப்பு மூட்டினார்கள். திவச அடுப்புக்கு ஒரு பொறிகூடப் பறக்கவில்லை. மத்தியானம் ஆகுமுன்னே தேங்காய்ப்பால் விட்ட சொதியின் வாசம் வாழைத்தோட்டங்களைத் தாண்டிப்போக, காரணமே இல்லாமல் ஊராக்கள் சிலர் நலம் விசாரிக்க வந்தார்கள்.

எல்லோரும் சாப்பிட இருந்தார்கள். பூரணமக்காவுக்குச் செபமாலையே கோப்பை போட்டுக் கொண்டுபோனார். சோறு, சொதி, நடுவில் முழு விளைமீன் ஒன்று.

பூரணமக்கா மீனைப் பார்த்தார். செபமாலையைப் பார்த்தார். கோப்பையைத் தள்ளிவிட்டார்.

“வேண்டாம்.”

“அக்கா!”

“சும்மா தாறதைத் தின்னுறதுக்கு நான் பிச்சைக்காரியோ? யாரோ செத்ததுக்கு வடை. நான் சாகப்போறன் எண்டு மீன். எல்லாரும் பாவம் பாத்துத்தான் தருகினம். கொண்டுபோ.”

செபமாலைக்குக் கோபம் தலைக்கேறியது. இந்தக் கோப்பைக்காக அவர் பட்ட பாடு என்ன, கெட்ட பேர் என்ன! “அப்ப கிடந்து சாவுங்கோ” என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு வெளியே போய், மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றார். பெட்டிக்குள் சமைக்காத விளைமீன் ஒன்று மிஞ்சிக் கிடந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். முப்பது வருடத்தில் பூரணமக்கா தன்னிடம் எதையாவது சும்மா வாங்கியிருக்கிறாரா? ஒரு கறிவேப்பிலை இணுக்குக்கூட இல்லை. தான் தேடிக் கொண்டுவந்தது மீன் மட்டும்தான், சண்டையைக் கொண்டுவர மறந்துபோயிற்று என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

மோட்டார் சைக்கிளைப் படலை வரைக்கும் உருட்டிக்கொண்டு போனார். கோனை மூன்று தரம் அமத்தினார்.

“மீன்!”

மண்டபத்துக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். பூனை ஓடிவந்தது. பிறகு உள்ளேயிருந்து தடி ஊன்றும் சத்தம் கேட்டது. கட்டிலை விட்டு இறங்கமாட்டேன் என்றிருந்த பூரணமக்கா டிலக்ஷியின் கையைத் தட்டிவிட்டு, தடியை ஊன்றி ஊன்றிப் படலைக்கு வந்து நின்றார்.

“என்ன மீன்?”

“விளை.”

“என்ன விலை?”

செபமாலை மூச்சை இழுத்துக்கொண்டு, குருநகரிலேயே யாரும் சொல்லத் துணியாத ஒரு விலையைச் சொன்னார்.

பூரணமக்காவின் கண்ணில் வெளிச்சம் வந்தது. “என்னடா, மீனுக்குள்ளை தங்கம் கிடக்கோ? செவிளைத் திற பாப்பம்.” திறந்தார். “உது நேற்றையான்.”

“அக்கா, விடியத்தான் வள்ளத்தாலை இறங்கினது.”

“நீ இறங்கியிருப்பாய். மீன் நேற்றே இறங்கியிட்டுது.”

கிழவர்கள் கை கழுவாமல் படலைக்கு வந்து கூடினார்கள். பாதிப்பேர் அக்காவின் பக்கம், பாதிப்பேர் மீனின் பக்கம். விலை இறங்கியது, நின்றது, மறுபடி இறங்கியது. செபமாலை அழாத குறையாகத் தன் பிள்ளை குட்டிகளைச் சொல்லிப் பார்த்தார். பிள்ளைகள் கலியாணம் கட்டிப்போய் விட்டார்கள் என்பது பூரணமக்காவுக்குத் தெரியும். கடைசியில் அவர் தடியால் நிலத்தில் ஒரு தட்டுத் தட்டி, “டிலக்ஷி, என்ரை கட்டிலடியிலை இருக்கிற வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு வா” என்றார். கதலி ஒரு சீப்பு வந்தது. “இந்தா. உன்ரை மீனுக்கு இது காணும்.”

“ஒரு சீப்போ? ரண்டு தாங்கோ.”

“ஒண்டரை. பிச்சுத் தாறன். விருப்பமெண்டா பார்.”

ஒன்றரைச் சீப்புக்கு வியாபாரம் படிந்தது. பூரணமக்கா உள்ளே போய் இருந்து, தான் வாங்கிய மீனைப் பூனைக்கும் டிலக்ஷிக்கும் என்று ஒதுக்கிவிட்டு, தள்ளிவைத்த கோப்பையை இழுத்தார். முள்ளெல்லாம் சூப்பி, கோப்பையை வழித்து, “உப்புக் குறைவு” என்று மாகிறேற்றின் முகத்துக்கு நேரே சொன்னார். மாகிறேற் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். அடுப்புப் புகையாம்.

செபமாலை விடைபெறப் போனபோது அக்கா கேட்டார்: “இனி எப்ப மீன் வரும்?”

“இந்த நாள் நாலு வருசத்துக்கு ஒருக்காத்தான் அக்கா வரும்.”

முருகனிடம் கேட்டு வைத்திருந்த அலுவலைப் பூரணமக்கா மனதுக்குள் தள்ளிப் போடுவது முகத்தில் தெரிந்தது. “டிலக்ஷி, அந்தக் குளிசையைக் கொண்டு வா பிள்ளை,” என்றார். “பின்னேரம் வடை மிஞ்சிக் கிடந்தாலும் ஒண்டு கொண்டு வா. என்ன செய்யிறது, அதுவரைக்கும் நான் இருக்கவேணுமே.”

அதற்குப் பிறகு செபமாலை ஒவ்வொரு நாளும் அன்னை நிழலின் படலையில் கோன் அடிக்கத் தொடங்கினார். படலைக்கு வெளியே என்றபடியால் ஐயாவின் சட்டத்தில் இடம் இருந்தது. மீன் ஒன்றும் உள்ளே போகாது. பூரணமக்கா தடியோடு வந்து செவிளைத் திறந்து பார்ப்பார், விலை கேட்பார், அநியாயம் என்பார், வாங்காமல் திரும்பிப் போவார். திரும்பும் வழியில் கோப்பாயில் அவருக்காகக் காத்திருப்பவர்கள் மீன் பிந்தி வருகிறது என்று குறை சொல்கிறார்கள். செபமாலை அதைக் காதில் வாங்குவதில்லை. காசு கேட்காதே, மிச்சமெல்லாம் கேள் என்று சொன்ன மனிதரல்லவா?

ஒரே ஒரு நாள் மட்டும் பிழையாகிப்போனது. சித்திரை பிறந்து சில நாள்கள் இருக்கும். பூரணமக்காவுக்கு அன்று சற்றுத் தடிமனும் இருமலும். குரல் கம்மியிருந்தது, படலைக்கு வர வழமையைவிட நேரம் எடுத்தது. செபமாலைக்கு மனம் கேட்கவில்லை. அக்கா வாயைத் திறந்து முதல் தரம் குறைத்துக் கேட்டதும், “சரியக்கா, அந்த விலைக்கே எடுங்கோ” என்று சொல்லிவிட்டார்.

பூரணமக்கா மீனைப் பெட்டிக்குள் போட்டார். நிமிர்ந்து, செபமாலையை மேலும் கீழும் பார்த்தார்.

“என்னடா,” என்றார், “நான் சாகப்போறன் எண்டு டொக்டர் ஏதும் உன்னட்டைச் சொன்னவரோ?”

செபமாலை சொன்னதைத் திருப்பி எடுத்து, அந்த மீனின் விலையை இரண்டு மடங்காக ஏற்றினார். பூரணமக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்கு வந்தார்.